லயன்ஸ் ஸ்ட்ரிப்பை ஒரே வரியில முடிச்சிட்டீங்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல அமெரிக்க டிராக் ரேஸ் வீரர் டான் கார்லிட்ஸ் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், விறுவிறுன்னு நல்லாவே போச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்துப் பக்கம் வில்மிங்டன்ல இருந்த லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பை (நின்ன இடத்துல இருந்து கிளம்பி நேர்கோட்டுல சீறிப்பாயுற டிராக் ரேஸுக்கான தடம்) "பின்னாளில் ஆதரவு குறைந்து மூடப்பட்டது"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க பாருங்க, அதுதான் பொறுக்கல. ஆதரவு குறைஞ்சு மூடுன இடமாங்க அது? 1972 டிசம்பர் 2ஆம் தேதி கடைசி ரேஸ் அன்னைக்கு உள்ள நிக்க இடமில்லாத கூட்டம், ராத்திரி ஆனதும் ஜனங்க போர்டு, பலகைன்னு கையில சிக்குனதெல்லாம் பிடுங்கி ஞாபகத்துக்கு வச்சுக்கலாம்னு வீட்டுக்கு தூக்கிட்டுப் போயிருக்காங்க. யாரும் சீண்டாத இடத்துல இப்படியா நடக்கும்?

அந்த இடம் எதுக்கு வந்துச்சுன்னு ரெண்டு பாரா எழுதியிருந்தீங்கன்னா கட்டுரையே வேற மாதிரி ஆகியிருக்கும். உலகப்போர் முடிஞ்ச கையோட தெற்கு கலிபோர்னியா பசங்க பழைய ஃபோர்டு கார வாங்கி, மேல இருக்குற தகரத்தை எல்லாம் கழட்டி எறிஞ்சுட்டு, பெரிய இன்ஜினை மாட்டி பொது ரோட்டுலயே ரேஸ் விட ஆரம்பிச்சாங்க, போலீஸ் துரத்துறதும் ஆக்சிடென்ட்டும் சாவும்னு ஊரே கதிகலங்கிக் கிடந்துச்சு. பிடிச்சு உள்ள போட்டா மட்டும் அடங்க மாட்டானுங்க, ஓட்டுறதுக்குன்னு ஒரு இடத்தைக் குடுப்போம்னு அந்த வட்டாரத்து லயன்ஸ் கிளப்காரங்க ஒண்ணா சேர்ந்து துறைமுக நிலத்துல போட்டதுதான் இந்த ஸ்ட்ரிப், 1955 அக்டோபர்ல திறந்தாங்க. கிளப் பேரே ஸ்ட்ரிப்புக்கும் நின்னுடுச்சு. முதல் மேனேஜர் யாருன்னு பாருங்க, மிக்கி தாம்ஸன்! 1960ல பான்வில் உப்புப் படுகையில ஒருவழி ஓட்டத்துல மணிக்கு 406 மைல் தொட்டாரே, அதே ஆளு. அவருக்கு அப்புறம் 60கள் நடுவுல இருந்து கடைசி வரைக்கும் நடத்துனது சி.ஜே. ஹார்ட். 1950லயே சான்டா ஆனா விமான ஓடுதளத்துல காசு வாங்கிட்டு டிராக் ரேஸ் நடத்திக் காட்டின மனுஷன் அவரு. இவங்க ரெண்டு பேரும் கட்டுரையில எங்கயும் வரல.

இன்னொண்ணு, அந்த இடத்தோட காத்து. ரேஸ்காரங்க அதை பீச்னுதான் கூப்பிடுவாங்க, கடல் மட்டத்துல இருக்கு, ராத்திரி ஆனா குளிர்ந்த காத்து கெட்டியா வந்து இறங்கும். காத்து கெட்டியா இருந்தா இன்ஜின் ஒரு மூச்சுல அதிக ஆக்ஸிஜன் இழுக்கும், அதுக்குத் தக்க எரிபொருளை அதிகமா ஊத்தலாம், பவர் ஏறும். அதனாலதான் புது இன்ஜின் செட் பண்ணினவன் எல்லாம் நேரம் பார்க்க லயன்ஸுக்கு ஓடினான். ரொம்ப நேரம் ஆயி பனி இறங்கிடுச்சுன்னா அதே தரை வழுக்கும், அது தனிக்கூத்து.

இப்ப கார்லிட்ஸ் விபத்துக்கு வரேன். 1970 மார்ச் 8, அதே லயன்ஸ். அந்தக் காலத்து டிராக்ஸ்டர்ல, அதான் டிராக் ரேஸுக்குன்னே செஞ்ச காருல, டிரைவர் எங்க உக்காருவார்னு நீங்க சொல்லவே இல்ல, அது தெரியாம விபத்தோட கொடூரம் வாசகருக்கு எப்படிங்க புரியும்? மூஞ்சிக்கு நேரா முன்னாடி இன்ஜின், அதுக்குப் பின்னாடி கிளட்ச்சும் டிரான்ஸ்மிஷனும், அதோட ரெண்டு பக்கமும் டிரைவரோட காலு, உக்கார்ற இடமோ பின் அச்சுக்கும் பின்னால! இன்ஜின்ல எது வெடிச்சாலும் சூடான ஆயில் நேரா கண்ணாடியில வந்து அடிக்கும், கிளட்ச் வெடிச்சா காலுக்கு நடுவுல வெடிக்கும். அன்னைக்கு அவரே செஞ்ச டூ-ஸ்பீடு டிரான்ஸ்மிஷன் கிளம்புன வேகத்துலயே வெடிச்சு காரு ரெண்டு துண்டாச்சு, வலது பாதத்துல முன்பாதி போச்சு. பார்க்க வந்தவங்கள்ல ஒருத்தருக்கும் பலத்த அடி. ஆஸ்பத்திரியில கிடந்தப்பதான் இன்ஜினைப் பின்னால தள்ளிடணும்னு முடிவுக்கு வந்தார்.

இதுல உங்க கட்டுரை "இன்ஜினைப் பின்னால் வைத்த முதல் மனிதர்"ங்குது. இல்லங்க, அவருக்கு முன்னாடியே பலபேரு வச்சுப் பார்த்தாங்க, காரு நேரா போகாம அலைபாஞ்சதால கைவிட்டாங்க. கார்லிட்ஸ் டீம் செஞ்சது வேற, ஸ்டீயரிங்கை மந்தமாக்குனாங்க, அதாவது கையை நல்லா திருப்பினாத்தான் சக்கரம் கொஞ்சம் திரும்பும். அவ்வளவுதான் விஷயம், ஆனா அது யாருக்கும் தோணல. 1971ல போமோனாவுல நடந்த விண்டர்நேஷனல்ஸ் போட்டிக்கு அந்தக் காரோட போய் ஜெயிச்சுட்டு வந்தார், கொஞ்ச வருஷத்துல டாப் ஃபியூயல்ங்கற அதிவேகப் பிரிவுல முன்பக்க இன்ஜினே காணாம போச்சு. சொல்லப்போனா நீங்க 'ஸ்வாம்ப் ராட் 14'ன்னு (அவரோட அந்தக் காரு பேரு) போட்ட படத்துலயும் இன்ஜின் முன்னாடிதான் இருக்கு சார், 14 பின் இன்ஜின் கார், படம் மாறிடுச்சு.

அப்புறம் கட்டுரையில போட்ட அந்த டேபிள். ஓட்டத்தை முடிக்க அன்னைக்கு 6 செகண்ட் சொச்சம், இன்னைக்கு 3.6 செகண்ட், பாருங்க எவ்வளவு வளர்ச்சின்னு பக்கத்துல பக்கத்துல போட்டிருக்கீங்க. தூரமே வேறங்க! அன்னைக்கு கால் மைல், அதாவது 1,320 அடி. 2008 ஜூன்ல நியூஜெர்ஸி இங்கிலிஷ்டவுன்ல ஸ்காட் கலிட்டாங்கற ரேஸ் வீரரோட இன்ஜின் வெடிச்சு, காரு நிக்காம ஸ்ட்ரிப்போட கடைசி வரைக்கும் போய் மோதி அவரு இறந்தாரு, அதுக்கு அடுத்த மாசமே அமெரிக்காவுல டிராக் ரேஸ் நடத்துற என்.எச்.ஆர்.ஏ. சங்கம், நைட்ரோமீத்தேன் எரிபொருள்ல ஓடுற நைட்ரோ கார்களுக்கு தூரத்தை 1,000 அடியா குறைச்சுட்டாங்க. வளர்ச்சி இல்லன்னு சொல்ல வரல, நிறையவே இருக்கு, ஆனா 320 அடி கம்மியா ஓடுன நேரத்தை அப்படியே பக்கத்துல வைக்கிறது நியாயமில்ல.

மூடுன கதைக்கு வருவோம், என் கோவமே அங்கதான். ஸ்ட்ரிப்பை எப்பவும் ஊருக்கு வெளியில, யாரும் இல்லாத இடமா பார்த்துத்தான் போடுவாங்க. பத்துப் பதினைஞ்சு வருஷத்துல ஊரு தானா வந்து ஒட்டிக்கும், அப்புறம் சத்தம் தாங்கலைன்னு புகார், நிலத்து விலையும் ஏறிடும். லயன்ஸுக்கும் அதேதான், சத்தம் பத்தின புகார் ஒரு பக்கம், கன்டெய்னர் வைக்க துறைமுகத்துக்கு இடம் வேணும்ங்கறது இன்னொரு பக்கம். அதுக்கு முன்னாடி 1969ல சான் ஃபெர்னாண்டோ போச்சு, அப்புறம் 1977ல இர்விண்டேல், 1983ல ஆரஞ்சு கவுண்டி இன்டர்நேஷனல், எல்லாம் ஒரே வட்டாரம். போமோனா மட்டும் பொருட்காட்சி மைதானத்துல இருக்கறதால பிழைச்சுக் கிடக்கு. ஸ்ட்ரிப்பை மூடினா பசங்க ரேஸ் விடுறதை நிறுத்திடுவானுங்களா? திரும்பவும் ரோட்டுக்குத்தான் வருவானுங்க, எதைத் தடுக்க அந்த இடத்தைப் போட்டாங்களோ அதையே கூப்பிட்டு உக்கார வச்ச மாதிரி ஆச்சு. இதை எழுதாம "ஆதரவு குறைந்து"ன்னா, டிக்கெட் வாங்கிட்டு வந்த அத்தனை ஜனத்தையும் குத்தம் சொல்ற மாதிரி இல்லையா?

அடுத்த இதழ்ல அந்த வரிக்கும் படத்துக்கும் ஒரு திருத்தம் போடுங்க. டேபிளை மறுபடி போடறதா இருந்தா தூரத்துக்குன்னு தனியா ஒரு கட்டம் சேர்த்துடுங்க. முடிஞ்சா சி.ஜே. ஹார்ட் பத்தி ஒரு முழு கட்டுரை போடுங்க சார், அவருக்கு அது பாக்கி இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்