பட்டியல் போடுகிறவர்களுக்கு, எதிர்க்கடை ஜெராக்ஸ்காரன் எழுதுவது

பொறியியல் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே 18 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. நாளைக்கும் கடை திறக்க வேண்டும். உங்களில் சிலரை எனக்கு முகம் தெரியும். இன்டர்னல் கேள்வித்தாளை நகலெடுக்க வந்து, மெஷினை விட்டு நகராமல் நின்று, கசங்கிய தாளைக்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டு போவீர்கள். அந்தக் கவனத்தில் கொஞ்சத்தை, மாணவர்கள் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலைத் தயாரிக்கும்போதும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன வருடம் முதலாண்டு வகுப்பு தொடங்கிய வாரத்தில் ஓர் அப்பா தன் பையனோடு வந்தார். கொத்தனார் வேலை. கையில் துறையில் கொடுத்த பட்டியல். படம் வரையும் கருவியான டிராஃப்டர் 450, சயின்டிஃபிக் கால்குலேட்டர் 1,200, லேப் கோட் 350, அப்புறம் லேப் சோதனைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் ரெக்கார்டு நோட் நான்கு, அப்சர்வேஷன் நோட் நான்கு, டிராயிங் ஷீட், ஷீட் ஹோல்டர். என் கடையிலும் கல்லூரி ஸ்டோரிலுமாக எல்லாம் வாங்கி முடித்தபோது 2,830 ரூபாய் ஆகியிருந்தது. பாடப் புத்தகம் அதில் ஒன்றுகூட இல்லை. "ப்ளஸ் டூ வரைக்கும் புக்கு சும்மாதானே சார் குடுத்தாங்க?" என்று கேட்டார். குறையாகச் சொல்லவில்லை, விவரம் கேட்பது போலத்தான் கேட்டார். பையன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் கேட்டது சரிதான். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை புத்தகம் கைக்கு வந்துவிடுகிறது. கல்லூரிக்கு வந்த பிறகும் அரசு கைவிடவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுப் பொறுப்பு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்தப் பணம் எந்தத் தேதியில் ஏறியது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், அன்றைக்குக் கடையில் நிற்கும் கூட்டமே சொல்லிவிடும். கொத்தனார் மகனுக்கு அந்த ஒரே பட்டியலில் கிட்டத்தட்ட மூன்று மாதப் பணம் போயிற்று.

இதில் நீங்கள் நினைத்தால் நாளைக்கே மாற்றக்கூடியது ரெக்கார்டு நோட். கல்லூரி முத்திரை அச்சிட்ட அட்டை போட்டு ஸ்டோரில் 120 ரூபாய். அதே பக்கங்கள், அதே மாதிரி ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை, முத்திரை மட்டும் இல்லாமல் என் கடையில் 65. முத்திரை இல்லாத நோட்டில் எழுதினால் லேபில் கையெழுத்துப் போட மாட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் லேப் நோட்டுக்கு இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. பூஜ்யமாகிவிட்டது. நான் விலையைக் குறைத்தேன். எதிரே ஸ்டோரில் பழைய விலைதான். போட்டி இல்லாத இடத்தில் வரி குறைந்தால் யாருக்கு லாபம் என்று எகனாமிக்ஸ் படிக்காத எனக்கே தெரிகிறது.

டிராஃப்டர் கதை வேறு மாதிரி. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் ஒரே ஒரு செமஸ்டர். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் அதற்கப்புறம் அதைத் தொடுவதே இல்லை. விடுதிக் கட்டிலுக்கடியில் துருப்பிடிக்கும், இல்லாவிட்டால் நான்காம் வருடம் அறையைக் காலி செய்யும்போது என்னிடம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். துறையே நூறு டிராஃப்டர் வாங்கி வைத்துக் கொடுத்துத் திருப்பி வாங்கினால் என்ன?

புத்தகத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கு 2013, 2017, 2021, 2025 என்று ரெகுலேஷன், அதாவது பாடத்திட்டம், மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாறக் கூடாது என்று சொல்ல நான் யார்? 2013இல் முதலாண்டில் சி படித்தார்கள், 2017இல் பைத்தான் வந்தது. நியாயமான மாற்றம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மேட்ரிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் முதல் செமஸ்டர் கணக்கில் இருந்தது. 2017இல் இரண்டாம் செமஸ்டருக்குப் போனது. 2021இல் மறுபடியும் முதல் செமஸ்டருக்கே வந்துவிட்டது. கேலி-ஹாமில்டன் தேற்றம் அப்படியேதான் இருக்கிறது. இந்தப் போக்குவரத்துக்கு டிக்கெட் எடுத்தது யார்? ஒவ்வொரு தடவையும் லோக்கல் ஆத்தர் புத்தகங்கள் யூனிட்களை இடம் மாற்றி, அட்டையில் புது ரெகுலேஷன் எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டு வருகின்றன. சீனியரின் புத்தகம் ஜூனியருக்கு உதவாது என்று ஆகிவிடுகிறது. சீனியர்கள் விட்டுப்போகும் புத்தகங்களுக்காகக் கடையில் ஒரு தட்டு ஒதுக்கி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தேன். 2021 ரெகுலேஷன் வந்ததும் அந்தத் தட்டு அப்படியே நின்றது. கடைசியில் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டேன், 62 கிலோ. நல்ல புத்தகங்கள், சார். பாதியில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் பென்சிலால் விடை எழுதிய புத்தகங்கள்.

ரெகுலேஷன் மாற்றும்போது, பழைய பாடத்தில் எந்த யூனிட் புதிதில் எங்கே இருக்கிறது என்று பாடத்துக்கு ஒரு பக்கம் எழுதிப் போட்டால் போதும். அந்தப் பக்கத்தை நான் இலவசமாக நகலெடுத்துத் தருகிறேன்.

அப்புறம் பாடத்திட்டத்தின் கடைசியில் வரும் நூல் பட்டியல். டெக்ஸ்ட் புக் இரண்டு, ரெஃபரன்ஸ் ஐந்து. வெளிநாட்டு ஆசிரியர் புத்தகம் என்றால் ஒன்றே 800, 900 வரும். ஒரு புத்தகத்திலிருந்து ஒன்றரை யூனிட், இன்னொன்றிலிருந்து இரண்டு யூனிட். யாரும் வாங்குவதில்லை என்று உங்களுக்கும் தெரியும். டெலிகிராமில் யாரோ அனுப்பிய பி.டி.எஃப்.பை போனில் கொண்டுவந்து, "அண்ணா, இதுல 112லருந்து 160 வரைக்கும் மட்டும்" என்பார்கள்.

ஆசிரியர் தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுப்பது குற்றம் என்று நினைத்து நீங்கள் தயங்கினால், எங்கள் தொழிலில் எல்லோரும் கவனித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்று ஒரு நகலகம். பாடத்திட்டப்படி பல புத்தகங்களிலிருந்து பகுதிகளை எடுத்து, கட்டுக் கட்டாக பைண்ட் செய்து கொடுத்துவந்தது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. மாணவர்களும் பேராசிரியர்களும் கடை பக்கம் நின்று வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவில் கற்பித்தலுக்குத் தந்திருக்கும் விலக்கைச் சுட்டிக்காட்டி, 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுக்கலாம் என்றுதான் சொன்னது. இந்தக் கட்டுகள் அந்த அளவுக்குள் இருக்கின்றனவா என்று மட்டும் விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை விட்டுவிட்டு விலகின. முழுப் புத்தகத்தையும் அட்டையோடு நகலெடுப்பது வேறு விஷயம். அதை நான் செய்ததே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

அப்படியென்றால் ஐந்து யூனிட்டுக்கும் தேவையான பகுதிகளைத் துறையே தொகுத்துக் கொடுக்கலாம். 200 பக்கம் என்றால் என் கடையில் ஸ்பைரல் பைண்டிங்கோடு 190 ரூபாய். உங்கள் சொந்தக் குறிப்புகளாக இருந்தால் இன்னும் நல்லது. இலவசமாகக் கிடைப்பவையும் இருக்கின்றன. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும், 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். வீடியோ பாடங்கள், தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் இ-கும்ப் தளத்தில் தமிழிலேயே பொறியியல் பாடநூல்கள். இவற்றை ரெஃபரன்ஸ் பட்டியலின் அடியில் ஒரு லிங்க்காகப் போட்டுவிட்டு விடாமல், எந்த யூனிட்டுக்கு எந்த அத்தியாயம் என்று எழுதிக் கொடுத்தால்தான் பையன் திறந்து பார்ப்பான். பட்டியலில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே விலை என்று ஒரு கட்டம் போடுங்கள். நூலகத்தில் எத்தனை பிரதி என்று இன்னொன்று. குழுவில் யாராவது ஒருவர் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தாலே சில பெயர்கள் தானாக மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னால் என் தலையில் நானே மண் போட்டுக்கொள்வதாகும். ஏப்ரல் எனக்குத் தீபாவளி. ஒரு பக்கம் மட்டும் அச்சிட வேண்டும், கலர் பக்கங்கள், கறுப்பு அட்டையில் தங்க எழுத்து, நான்கு பேர் குழுவுக்கு ஆளுக்கொன்று, கைடுக்கு, துறைக்கு, நூலகத்துக்கு என்று ஏழு பிரதி. துறைக்குப் போன பிரதிகள் இரண்டு வருடம் கழித்து என்ன ஆகின்றன என்று பழைய பேப்பர் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். நூலகத்துக்கு ஒரு பிரதி, மற்றவர்களுக்கு பி.டி.எஃப். என்று வைத்தால் எனக்கு நஷ்டம்தான். சரி, பரவாயில்லை, ஆதார், பத்திர நகல் என்று ஊர்க்காரர்கள் வருகிறார்கள், பிழைத்துக்கொள்வேன்.

கடைப் பரணில் இப்போது 14 டிராஃப்டர்கள் இருக்கின்றன. மூன்றில் மட்டும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, மற்றவை நன்றாக இருக்கின்றன. அடுத்த முதலாண்டு பட்டியல் ஒட்டுவதற்கு முன்பு துறையிலிருந்து யாராவது ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். காலை எட்டரைக்குக் கடை திறந்துவிடுவேன்.