தோட்டா விலை வைக்கிறவங்களுக்கும் லைசென்ஸ் குடுக்கறவங்களுக்கும் வேலூர்ல இருந்து ஒரு திறந்த மடல்

டெல்லியில உள்துறையில ஆயுத லைசென்ஸ் விஷயம் பாக்குற பெரியவங்களுக்கு, பாதுகாப்புத் துறையில தோட்டா ஃபேக்டரிங்கள நடத்துறவங்களுக்கு, அப்படியே நம்ம தமிழ்நாடு அரசுக்கும் வணக்கம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், துப்பாக்கிய ஈசியா குடுங்கன்னு கேக்க நான் வரல. லைசென்ஸ் குடுக்கறதுல இன்னும் பத்து மடங்கு கெடுபிடி பண்ணுங்க, எனக்கு சந்தோஷம்தான். ஆனா குடுத்துட்டீங்கன்னா அந்த ஆளு வருஷத்துல நாலு தடவையாவது ரேஞ்சுல நின்னு சுட்டுப் பழகறதுக்கும் வழி பண்ணனும் இல்லியா, அந்த வழியத்தான் தோட்டா விலையும் ஸ்டாக் இல்லன்ற பதிலும் சேர்ந்து அடைச்சி வெச்சிருக்கு.

நாங்க யாருன்னு கேட்டா, வேலூர் பக்கம் பட்டாளத்து ஜனங்க. கணியம்பாடி தாண்டி கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊரு, வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரின்னு பேப்பர்ல எல்லாம் போட்டிருக்காங்க, சுத்துப்பட்டுல இன்னும் எத்தனையோ கிராமத்துலயும் கதை அதேதான். பதினேழு வருஷம் இருபது வருஷம் சர்வீஸ் முடிச்சி நாப்பது வயசுக்குள்ள வெளிய வந்துட்றோம், புள்ளைங்க படிப்பு பாக்கி, பென்ஷன் பத்தல, அப்ப கிடைக்கிற வேலை பேங்க் கன்மேன், ஏடிஎம்முக்கு பணம் ஏத்தினு போற வண்டியில கன்மேன், நகைக்கடை கன்மேன். இந்த வேலைக்கு பாதி இடத்துல சொந்த லைசென்ஸும் சொந்த துப்பாக்கியும் இருந்தாத்தான் கூப்பிடுவாங்க. அதனால கடன் வாங்கியாவது 12 போர்னு சொல்ற ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒண்ணு வாங்கி தோள்ல மாட்டிகினு வாசல்ல நிக்கிறோம்.

இப்ப கேளுங்க. பட்டாளத்துல இருந்த வரைக்கும் வருஷா வருஷம் ஃபயரிங், சுடத் தெரியலன்னா நிக்க விட மாட்டான். வெளிய வந்தப்புறம்? ஏடிஎம் வாசல்ல நிக்கிற எங்க ஆளுங்கள்ல நிறைய பேரு கடைசியா எப்ப ட்ரிக்கர் அமுக்கினாங்கன்னு கேட்டா தலைய சொறிவாங்க. பழகணும்னா தோட்டா வேணும். ஒரு தோட்டா மூணு இலக்கத்துல விலை சொல்றான், பன்னண்டு மணி நேரம் நின்னு வாங்குற சம்பளத்துல எவன் அத வாங்கி மண்மேட்டுல சுட்டுத் தீப்பான்? பெல்ட்ல செருகி இருக்கறத அப்படியே பத்திரமா வெச்சிருப்பான், அது வருஷக்கணக்கா அங்கயே கெடக்கும்.

அதுலதான் இன்னொரு வில்லங்கம். தோட்டாவுக்கும் வயசு இருக்கு. உள்ள இருக்குற வெடிமருந்துக்கு சூடு ஆகாது, ஈரம் ஆகாது. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரிய தாண்டி அடிக்கும், நம்ம ஆளுங்க வீட்டுல ஷீட் கூரைக்கு கீழ இரும்பு பீரோ, அதுக்குள்ள தோட்டா டப்பா, உள்ள இன்னா சூடு இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மழைக்காலத்துல நாள் முழுக்க பெல்ட்டோட நனையறது தனி. இப்படிக் கெடந்தத ஆபத்து நேரத்துல சுட்டா ஒண்ணு புஸ்ஸுன்னு போகும், இல்லன்னா அமுக்கினப்ப வெடிக்காம கொஞ்சம் லேட்டா வெடிக்கும், அந்த கேப்புல வெடிக்கலியேன்னு குழலத் திறந்து பாத்தவன் கதி இன்னாவாகும்? ஜனங்க நடமாட்ற பஜார்ல, பேங்க் வாசல்ல நிக்கிற துப்பாக்கி இது சார். பழகாத கை, பழைய தோட்டா, ரெண்டும் ஒரே இடத்துல இருக்கறது எங்கள விட உங்களுக்குத்தான் அதிகமா உறுத்தணும்.

கடைக்காரங்களப் பத்தி நிறைய சொல்ல மாட்டேன், அவங்களும் மேல இருந்து வந்தாத்தான் தருவாங்க. ஆனா உள்ளூர்ல கேட்டா ஸ்டாக் இல்ல, சென்னைக்கு பஸ் ஏறிப் போனா உங்க யூஐஎன், அதான் லைசென்ஸ்காரங்க ஒவ்வொருத்தருக்கும் குடுக்குற தனி நம்பர், சிஸ்டத்துல சரியா காட்டலன்றான், அதையும் சரி பண்ணிகினு போனா வெளிநாட்டு சரக்கு மட்டும்தான் இருக்கு, வேணும்னா எடு இல்லன்னா போன்றான். வெளிநாட்டு சரக்கு பெரும்பாலும் சுட்டு வாய் விரிஞ்சா 70 மில்லிமீட்டர் நீளம், எங்க ஆளுங்க கையில இருக்குற அந்தக் காலத்து துப்பாக்கிங்கள்ல சேம்பர், அதான் குழல்ல தோட்டா உக்கார்ற இடம், 65 தான். உள்ள போகும், ஆனா சுடும்போது வாய் விரிய இடம் பத்தாம பிரஷர் எகிறும். இது தெரியாம வாங்கினு போறவங்களும் இருக்காங்க, சொல்லித் தர்ற கடைக்காரனும் இருக்கான், வாயே திறக்காத கடைக்காரனும் இருக்கான்.

சரி, விஷயத்துக்கு வரேன். காலி கேஸ், அதான் சுட்ட தோட்டாவோட வெறும் கூடு.

பட்டாளத்துல ரேஞ்சுக்குப் போனவங்களுக்குத் தெரியும், சுட்டு முடிச்சதும் புல்லுக்குள்ள மண்டி போட்டு காலி கேஸ் பொறுக்கற வேலை. எத்தனை ரவுண்டு எடுத்தமோ அத்தனை காலி எண்ணிக் குடுக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் வெயில்ல நின்னு தேடணும். அந்தப் பழக்கம் ரத்தத்துல ஊறிப் போச்சு, இப்பவும் 12 போர் காலிய தூக்கிப் போட மனசு வராது. வராததுக்கு காரணமும் இருக்கு. ஒரு தோட்டாவுல இருக்கறது அஞ்சு சாமான். கேஸ், அடியில தீப்பொறி குடுக்குற பிரைமர், மருந்து, நடுவுல வாட்னு ஒரு அடைப்பு, மேல ஈய ரவை. சுட்டதும் நாலு போயிடுது, கேஸ் மட்டும் முழுசா கையில நிக்குது. நல்ல பிளாஸ்டிக் கேஸ்னா திரும்பத் திரும்ப லோடு பண்ணலாம், வெளிநாட்டுல கிளப்புங்க, வேட்டைக்காரங்க, டார்கெட் சுடுறவங்கன்னு லட்சக்கணக்கான பேரு இதத்தான் பண்றாங்க. ரவைய மட்டும் எடுத்துக்கோங்க, டிராப் போட்டிக்கு, அதான் பறக்குற களிமண் தட்ட சுடுற போட்டிக்கு, ஒரு தோட்டாவுல 24 கிராம்தான் உச்சம், அப்ப ஒரு கிலோ ஈயத்துல நாப்பதுக்கு மேல வரும், ஈயம் கிலோ 200 ரூபா பக்கம்தான் மார்க்கெட்ல ஓடுது. ரவையா வார்க்கற கூலி, மத்த மூணு சாமான் எல்லாம் சேத்துப் போட்டாலும் கடை விலைக்கும் இதுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

அப்ப லோடு பண்ணிக்க வேண்டியதுதானேன்னு வெளிநாட்டுல இருக்குற சொந்தக்காரங்க கேப்பாங்க. இங்க முடியாது. 1959 ஆயுதச் சட்டத்துல தோட்டான்ற விளக்கத்துக்குள்ளயே தோட்டாவோட பாகமும் வருது, தோட்டா செய்யற மெஷினும் வருது. லைசென்ஸ் இல்லாம தயாரிச்சா 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். நான் அத தப்புன்னு சொல்லல. வீட்டுக்கு வீடு மருந்து வெச்சி லோடு பண்ண விட்டா இன்னா ஆகும்னு வெடி விபத்து செய்தி படிக்கிற எல்லாருக்கும் தெரியும். ஜவ்வாது மலையில லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிய கொண்டாந்து ஒப்படைங்கன்னு போலீஸ் திரும்பத் திரும்ப கேட்டுகினு இருக்குற ஏரியா எங்களுது, உங்க பயம் எங்களுக்குப் புரியாம இல்ல.

நான் கேக்கறது வீட்டுல இல்ல, ரேஞ்சுல. மாவட்டத்துக்கு ஒரு பதிவு பண்ண ரைஃபிள் கிளப், அங்க ஒரு பூட்டு போட்ட ரூம், ஒரே ஒரு லோடிங் மெஷின், பட்டாளத்துல ஆர்மரர், அதான் ஆயுதம் பழுது பாக்குற வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒருத்தர் பேர்ல லைசென்ஸ். பிரைமரும் மருந்தும் அரசு ஃபேக்டரியில இருந்து நேரா அந்த ரூமுக்கு, ரிஜிஸ்டர்ல ஏத்தி. உறுப்பினர் காலி கேஸ எண்ணிக் குடுத்தா அதே எண்ணிக்கையில லோடு பண்ண தோட்டா, அதுவும் அங்கயே சுட்டுட்டு காலிய மறுபடி அங்கயே வெச்சிட்டுத்தான் வெளிய வரணும். பெல்ட்ல போட்டுகினு டியூட்டிக்கு போறது எப்பவும் போல ஃபேக்டரி தோட்டாவே இருக்கட்டும். இதுல ஒரு பிரைமர் வெளிய போகணும்னா நாலு பேரு கையெழுத்த ஏமாத்தணும், இன்னிக்கு கடையில வாங்கினு போறத விட இது எவ்ளோ கட்டுக்குள்ள இருக்குன்னு பாருங்க.

சாமானே கிடைக்காதேன்னு நீங்க சொல்லலாம். உலகம் பூரா தட்டுப்பாடுதான், அது நெசம். என் சித்தப்பா பையன் டெக்ஸாஸ்ல இருக்கான், அவனும் லோடு பண்றவன். கொரோனாவுக்கு முன்ன 1000 பிரைமர் 30, 40 டாலருக்கு வாங்கினவன் 2020க்கு அப்புறம் ரெண்டு மூணு மடங்கு குடுத்தும் கிடைக்காம அலைஞ்சிருக்கான். அப்புறம் 2022ல உக்ரைன் சண்டை, பீரங்கி குண்டுக்கு மருந்து எவ்ளோ இருந்தாலும் பத்தல, மருந்துக்கு மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ், அது பருத்தி விதையில ஒட்டினு இருக்குற குட்டை நார்ல இருந்து வருது, அந்த நார ஐரோப்பாக்காரன் சீனாவ நம்பி வாங்கினு இருந்தான். 2024 செப்டம்பர்ல ஆண்டிமணிக்கும் சீனா கட்டுப்பாடு போட்டுச்சு, ரவைய கெட்டிப் படுத்தறதுக்கு ஈயத்துல கலக்கறது அதுதான், பிரைமர் கலவையிலயும் அது இருக்கு. ஆக டெக்ஸாஸ்காரன் புலம்பறதுல ஒரு நியாயம் இருக்கு, அவன் கையில எதுவும் இல்ல.

நம்ம கதை அப்படியா? பருத்தி விளையறதுல உலகத்துல முன்வரிசையில இருக்கற நாடு. மருந்து செய்ய நீலகிரியில அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, வெள்ளைக்காரன் காலத்துல நூறு வருஷத்துக்கு முன்னயே வந்தது. தோட்டாவ முழுசா செய்ய புனே பக்கத்துல கட்கி ஃபேக்டரி, 1869ல இருந்து இருக்கு, நம்ம ஆளுங்க காலங்காலமா வாங்கற சக்திமான் தோட்டா அங்க இருந்து வர்றதுதான். 2021 அக்டோபர்ல 41 ஃபேக்டரிய ஏழு கம்பெனியா பிரிச்சப்ப அருவங்காடும் கட்கியும் ஒரே கம்பெனிக்கு கீழதான் வந்துச்சு. ஒரே கூரைக்கு கீழ பருத்தி நார்ல இருந்து முழுத் தோட்டா வரைக்கும் வெச்சிகினு, தனித்தனி சாமானா ஒரு கிளப்புக்கு விக்க மட்டும் வழி இல்லன்னா எப்படி? ராணுவம்தான் முதல்ல, அதுல மறுபேச்சே கிடையாது, நாங்களும் அங்க இருந்து வந்தவங்கதான். ஆனா 2024ல கான்பூர்ல தனியார் கம்பெனி ஒண்ணு வருஷத்துக்கு 15 கோடி சின்ன ரக தோட்டா செய்வோம்னு சொல்லி ஃபேக்டரி திறந்தாச்சு, ராணுவத்துக்கு சப்ளை பண்ண ஆளு கூடினு வருது. அந்த இடைவெளியில கொஞ்சம் பிரைமர் கொஞ்சம் மருந்து எங்க பக்கம் திருப்புங்கன்றோம், அவ்ளோதான்.

தமிழ்நாடு அரசுக்கு தனியா ஒரு வார்த்தை. காட்பாடியில உங்க சொந்த வெடிமருந்து கம்பெனி இருந்துச்சே ஞாபகம் இருக்கா, ஊர்ல டெல்னு சொல்லுவோம், குவாரிக்கும் சுரங்கத்துக்கும் வெடி, டெட்டனேட்டர் எல்லாம் அங்க பண்ணாங்க. குவாரி வெடி வேற, தோட்டா மருந்து வேற, அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனா வெடிபொருள எப்படி தொடணும், எங்க வெக்கணும், எத்தனை அடி தள்ளி சுவரு கட்டணும்னு தெரிஞ்ச ஆளுங்க காட்பாடி, லத்தேரி பக்கம் இன்னும் இருக்காங்க, கம்பெனி நொடிச்சு போனதோட அந்தக் கைத்தொழிலும் போய்கினு இருக்கு. பாதுகாப்பு தொழில் வழித்தடம்னு சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சின்னு அஞ்சு ஊரு எழுதினீங்க, சென்னையில இருந்து ஓசூருக்கு ஒரு கோடு இழுத்தா நடுவுல வேலூர் மேலதான் போகும், அது எப்படி விட்டுப்போச்சுன்னு எனக்கு இன்னும் புரியல. பிரைமர் செய்ய ஒரு சின்ன யூனிட் வெக்கணும்னா இத விட நல்ல இடம் சொல்லுங்க பாக்கலாம்.

புள்ளைங்களையும் சொல்லணும். பாரிஸ் ஒலிம்பிக்ல நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் டிராப்ல நின்னத டிவியில பாத்துட்டு எங்க பசங்க சில பேரு கேட்டாங்க, அங்கிள் நாங்களும் கத்துக்கலாமான்னு. டிராப்ல ஒரு ரவுண்டுன்னா 25 தட்டு, ஒரு தட்டுக்கு ரெண்டு தோட்டா வரைக்கும் சுடலாம், போட்டியில தகுதிச் சுத்து மட்டும் 125 தட்டு. ஒரு பையன் வாரத்துல ரெண்டு நாள் பழகினா மாசத்துக்கு இன்னா ஆகும்னு அவங்க அப்பா, தோல் ஃபேக்டரியில வேலை பாக்குறவரு, என் முன்னாடியே போன்ல கணக்குப் போட்டாரு. போட்டுட்டு கிரிக்கெட்டே ஆடுடான்னாரு. தேசிய அளவுல பேரு எடுத்தவங்களுக்கு இறக்குமதியில சலுகை இருக்கு, ஆனா அந்த அளவுக்கு வர்ற வரைக்கும் எத சுட்டு வருவான்? நெல்லு விளைஞ்சப்புறம் விதைக்கு கடன் தர்ற சொசைட்டி மாதிரி இருக்கு இந்த ஏற்பாடு.

நடுவுல ஒண்ணு, கோவிச்சிக்காதீங்க, தேர்தல் வந்தா துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றாங்க, ஒப்படைக்கிறோம். 2019ல வேலூருக்கு ஏப்ரல்ல நடக்க வேண்டிய எம்பி எலெக்ஷன ஓட்டுக்கு காசு விவகாரத்துல ரத்து பண்ணி ஆகஸ்ட் 5ல வெச்சாங்க, நாடு பூரா முடிஞ்சு புது அரசாங்கமே வந்துடுச்சு, எங்களுக்கு மட்டும் மறுபடியும் நடத்தை விதி. பேங்க் டியூட்டியில இருந்தவங்களுக்கு விலக்கு கிடைச்சிச்சு, மத்தவங்க அந்த வருஷம் துப்பாக்கிய தொடச்சி எண்ணெய் போடறதுக்கே ஸ்டேஷன்ல கெஞ்ச வேண்டியதாப் போச்சு. காசு குடுத்தது யாரோ, துரு புடிச்சது எங்க குழல்.

கடைசியா உடனே செய்ய முடிஞ்சத சொல்லிடறேன், ஏன்னா காலி கேஸ திரும்ப லோடு பண்றதுக்கு விதி திருத்தணும், கமிட்டி போடணும், வருஷம் ஆகும்னு எனக்கும் தெரியும். ஃபேக்டரியில இருந்து தோட்டா கிளம்பும்போது இன்னா விலை, டீலர் எவ்ளோ வெச்சி விக்கலாம்னு ஒரு விலைப் பட்டியல மாவட்டவாரியா வெளியிடுங்க, டீலர்கிட்ட எத்தனை இருப்பு இருக்குன்னு அதே லைசென்ஸ் போர்ட்டல்ல காட்டுங்க, எங்க யூஐஎன் போட்டுத்தானே உள்ள போறோம், வேற யாரும் பாக்கப் போறதில்ல. கன்மேன் வேலைக்கு ஆள் வெக்கிற பேங்கும் ஏஜென்சியும் வருஷத்துக்கு இத்தனை ரவுண்டு பழக அவங்க செலவுலயே தரணும்னு ஒரு சர்க்குலர் போடுங்க. காலாவதியான தோட்டாவ எங்க ஒப்படைக்கறதுன்னும் அதுலயே எழுதிடுங்க, இப்போதைக்கு ஸ்டேஷன்ல கேட்டா ஆபீஸ்ல கேளுன்றாங்க, ஆபீஸ்ல கேட்டா ஸ்டேஷன்ல கேளுன்றாங்க, டப்பா பீரோவுலயே இருக்கு.

இப்படிக்கு,
கணியம்பாடி பக்கத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு ஹவில்தார்