மகளுக்கு, கார் பேட்டரி வாங்குவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; உன் நலமறிய ஆவல்.

காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றாமல் 'கடகட'வென்று சத்தம் மட்டும் வருகிறது என்றும், மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பேட்டரி போய்விட்டது, மாற்றும்போது இதைவிடப் பெரியதாக ஒன்று போட்டுவிடுங்கள் என்று சொன்னார் என்றும் தொலைபேசியில் கூறினாய். எதை வாங்குவது என்று நீ கேட்டபோது நான் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: பேட்டரி தன் ஆயுள் முடிந்து போனதா, அல்லது அதற்குப் போய்ச் சேரவேண்டிய சார்ஜ் போய்ச் சேராததால் இறங்கிக் கிடக்கிறதா? பின்னது உண்மையானால், நீ வாங்கப்போகும் புதிய பேட்டரியும் சில வாரங்களில் இதே நிலைக்கு வந்துவிடும். அப்போதும் பழி பேட்டரியின் மேல்தான் விழும்.

கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும் ஈய டை ஆக்சைடுத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அறைக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட் என்ற கணக்கில், முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேலே காட்டும். 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே செய்துகாட்டிய அதே ரசாயனம்தான் இன்றும் நடக்கிறது. மின்சாரத்தை எடுக்க எடுக்க இரு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. ஓடுகிற இன்ஜினால் சுழலும் ஆல்டர்னேட்டர் மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்தும்போது அந்தப் படிவு கரைந்து தகடு பழைய நிலைக்கு வருகிறது. இறங்கிய பேட்டரியை அப்படியே பல நாள் விட்டுவைத்தால் அந்தப் படிவு கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் கரைய மறுக்கும். பேட்டரி வயதாகித்தான் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அரைகுறைச் சார்ஜிலேயே வைத்திருந்து கொல்லப்படுபவையும் குறைவில்லை என்பது என் கருத்து.

ஆகவே பேட்டரி வாங்குவதற்கு முன் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை வாங்கிக்கொள். அதை டி.சி. வோல்ட்டில் 20 என்ற அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொடவேண்டும்; ஒயரைப் பிடித்திருக்கும் கிளாம்பின் மேல் தொடாமல், கிளாம்பின் நடுவே தெரியும் ஈயக் குமிழின் மேலேயே தொடு. வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே பார்த்தால் எண் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும் என்பதால், இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் பார். 12.6 என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலிதான். அடுத்து, ஒருவர் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும்போது எண் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று கவனி. சாதாரண வெப்பநிலையில் அது 9.6-க்குக் கீழே விழுமானால் பேட்டரி பலவீனமானது என்றோ சார்ஜ் போதவில்லை என்றோ பொருள். மூன்றாவதாக, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் பார்த்தால் பொதுவாக 13.8-க்கும் 14.7-க்கும் இடையில் இருக்கவேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்துவதால் இந்த எண் ஏறி இறங்கலாம். ஆனால் இன்ஜின் ஓடியும் எண் 12 சொச்சத்திலேயே அசையாமல் நின்றால், கோளாறு ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ ஒயரிலோ இருக்க வாய்ப்பு மிகுதி. அந்த நிலையில் புதுப் பேட்டரிக்குச் செலவழிப்பது வீண்.

டெர்மினல்களைக் கையால் அசைத்துப் பார்க்கவும் மறக்காதே. கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தாலோ, நல்ல பேட்டரியும் செத்ததைப் போலவே நடந்துகொள்ளும். சமையல் சோடாவை நீரில் கரைத்து ஊற்றி, பழைய பல் தூரிகையால் தேய்த்தால் அந்தப் பொடி நுரைத்துக் கழன்றுவிடும். பேட்டரிக்கு மேலே மூடிகள் இருந்தால், அவை இறுக்கமாக மூடியிருக்கும்போது மட்டும் இதைச் செய். கரைசல் உள்ளே போனால் அமிலம் கெட்டுவிடும்.

இன்னொன்று, வண்டி நிற்கும்போது எங்கேயாவது மின்சாரம் ஒழுகுகிறதா என்பது. கடிகாரம், பூட்டு, அலாரம் ஆகியவற்றுக்காக எந்தக் காரும் சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. டிக்கி விளக்கு ஒன்று அணையாமல் எரிவதாக வைத்துக்கொள். 5 வாட் விளக்கு 0.4 ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளைக்கு அது ஏறக்குறைய 10 ஆம்பியர் அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு இது). 60 ஆம்பியர் அவர் பேட்டரியாக இருந்தால் மூன்று நாளில் பாதி போய்விடும். நீ பொருத்தியிருக்கும் டேஷ்கேமும் வண்டியை நிறுத்திய பிறகு பதிவு செய்துகொண்டிருக்கிறதா என்று பார். இந்த ஒழுக்கை அளக்க மீட்டரை ஒயரின் நடுவே இணைக்கவேண்டும் என்பதால், அதை மட்டும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடு. நாள்தோறும் பத்து நிமிடத் தூரம் மட்டுமே ஓட்டுகிறாய் என்றால், ஸ்டார்ட் செய்யச் செலவானதும் விளக்கும் ஏ.சி.யும் எடுத்ததும் போக மீதி முழுதாக ஏறுவதே இல்லை என்பதையும் கணக்கில் கொள்.

சார்ஜர் கொண்டு முழுதாக ஏற்றி, சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்த பின்னும் 12.4-க்கு மேல் நிற்கவில்லை என்றால், அல்லது கடையில் லோடு டெஸ்ட் (மிகுதியான மின்சாரத்தை எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்து தேறவில்லை என்றால், அந்தப் பேட்டரியை மாற்றிவிடலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைத்திருந்தால் அதைக் குறை சொல்வதற்கில்லை. வெப்பம்தான் அதன் பெரிய எதிரி: தகடுகள் அரிப்பதும் நீர் வற்றுவதும் வெயிலில் விரைவாகின்றன. குளிரில்தான் நின்றுபோகும் என்றாலும், பெரும்பாலும் அது முந்தைய கோடையில் கெட்டது குளிரில் வெளிப்படுவதே.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். விளம்பரத்தைப் பார்க்காமல், பழைய பேட்டரியின் மேலுள்ள எழுத்துகளையும் காருடன் வந்த கையேட்டையும் பார். ஜப்பானிய முறைப்படி 55B24L என்பது போல எழுதியிருந்தால், 24 என்பது சென்டிமீட்டரில் நீளம். B என்பது அகலமும் உயரமும் சேர்ந்த வகை. கடைசி எழுத்து, பிளஸ் டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைக் குறிக்கும். முதலில் உள்ள 55 ஆம்பியர் அவர் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அது திறனின் தர எண் மட்டுமே. கடைசி எழுத்தில் கோட்டைவிட்டால், உன் காரின் பிளஸ் ஒயர் புதிய பேட்டரியின் பிளஸ் வரை எட்டவே எட்டாது. யாராவது பிளஸ்ஸையும் மைனஸையும் இடம் மாற்றி மாட்டிவிட்டால், பியூஸும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் ஒரு நொடியில் போய்விடும்.

அடுத்தது வகை. சிக்னலில் தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி உன் காரில் இருப்பதால், அதில் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைதான் இருக்கும். இ.எஃப்.பி. என்பது சாதாரண வகையையே வலுப்படுத்திச் செய்தது. ஏ.ஜி.எம். வகையில் அமிலம் தளும்பாமல் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும். அடிக்கடி இறங்கி ஏறுவதை இந்த இரண்டு வகைகளும் தாங்கும். இந்த இடத்தில் விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், இசையாதே. ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் ஏ.ஜி.எம்.மே வரவேண்டும். இ.எஃப்.பி. இருந்தால் அதையே போடலாம். கையேடு அனுமதித்தால் ஏ.ஜி.எம்.முக்கு மாறலாம்.

ஆம்பியர் அவர் என்பது கொள்ளளவு: 60 என்றால் 3 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும். சி.சி.ஏ. என்பது குளிரில் ஸ்டார்ட் செய்யும் வலு: மைனஸ் 18 டிகிரியில் 30 நொடி நேரம், 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பதன் அளவு. இது அமெரிக்க முறை. ஐரோப்பிய முறையில் சோதனை வேறு என்பதால், இரண்டு பேட்டரிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் அளக்கப்பட்டவையா என்று பார்த்துக்கொள். கையேடு சொல்லும் எண்களுக்குக் குறையாமல் இருந்தால் போதும். பெரியதாகப் போடுவதால் ஆல்டர்னேட்டர் கெட்டுவிடும் என்பது வெறும் பேச்சு. ஆனால் தட்டில் சரியாக உட்காராத பேட்டரி அதிர்வில் தகடு உதிர்ந்து சீக்கிரம் போகும். உயரம் கூடி டெர்மினல் பானட்டில் உரசினால் தீப்பிடிக்கவும் செய்யும். சார்ஜ் ஏறாத குறையை மறைக்கப் பெரியதைப் போடுவதால் கிடைப்பது, இறங்குவதற்குக் கூடுதலாகச் சில நாள், அவ்வளவுதான். தயாரித்த தேதியையும் கேட்டுப் பார். அலமாரியில் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்ததை வாங்காதே.

மாற்றுவதை நீயே செய்யலாம்; பெரும்பாலான கார்களுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பானர் போதும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள். இன்ஜினை அணைத்து, சாவியை வெளியே எடுத்து, கார் கணினி அடங்குவதற்குக் கால் மணி நேரம் கொடு. முதலில் மைனஸைத்தான் கழற்றவேண்டும். காரின் உடல் முழுவதும் மைனஸோடு இணைந்திருப்பதால், மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைத் திருகும் ஸ்பானரின் மறுமுனை பக்கத்துத் தகட்டில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பானர் வழியாகவே பாயும். ஸ்பானர் பழுக்கக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மைனஸைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி ஒதுக்கிவிட்டால், பிறகு பிளஸ்ஸைத் திருகும் ஸ்பானர் காரின் உடலில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மைனஸ் கிளாம்பின் மேல் சிறிய சென்சார் பெட்டி ஒன்று இருந்தால் அதை நெம்பிக் கழற்றாதே, உடைந்துவிடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் பக்கத்தில் நெருப்போ பொறியோ கூடாது. பேட்டரி டிக்கிக்குள் இருக்கும் வண்டியானால், அந்த வாயுவை வெளியேற்றும் சிறிய குழாயைப் புதியதில் மறக்காமல் செருகு. பேட்டரியைக் கழற்றியிருக்கும் நேரத்தில் டிக்கியையும் மூடிவிடாதே. தூக்கும்போது நல்ல கனமாக இருக்கும், முதுகைப் பார்த்துக்கொள். பிடிப்புப் பட்டையை இறுக்கிய பின், கிளாம்புகளின் மேல் வாஸ்லின் தடவிவிடு.

சில கார்களில், புதுப் பேட்டரி போட்டதைக் கருவி வைத்துக் கணினியில் பதிவு செய்யவேண்டும்; இல்லாவிட்டால் பழைய, சோர்ந்த பேட்டரிக்குக் கொடுத்த கணக்கிலேயே சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும். உன் காருக்கு அது தேவையா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே வாங்கப் போ; தேவையென்றால் பொருத்துகிற வேலையைக் கடையிலேயே கொடுத்துவிடு. கதவுக் கண்ணாடி தானாக ஏறும் வசதி காருக்கு மறந்துபோயிருந்தால், கண்ணாடியை முழுதாக ஏற்றி, பொத்தானைச் சில நொடி இழுத்துப் பிடித்தால் பல வண்டிகளில் திரும்பிவிடும்.

அதுவரை யாரிடமாவது கேபிள் வாங்கி ஸ்டார்ட் செய்ய நேர்ந்தால், சிவப்பை உன் பிளஸ்ஸிலும் பிறகு அவர்கள் பிளஸ்ஸிலும், கறுப்பை அவர்கள் மைனஸிலும், கடைசி முனையை உன் பேட்டரியில் வைக்காமல் சற்றுத் தள்ளி, இன்ஜினின் வெறும் இரும்பிலும் மாட்டு. அப்படி ஸ்டார்ட் ஆகி ஓடிவிட்டது என்பதற்காக நிறைந்துவிட்டது என்று எண்ணாதே. முழுதாக இறங்கிய பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டரை நம்பக்கூடாது, இரவு முழுவதும் சார்ஜரில் போடவேண்டும்.

பழையதைக் குப்பையில் போடவோ வீட்டு மூலையில் வைக்கவோ கூடாது. ஈயமும் அமிலமும் நஞ்சு. புதியதை வாங்கும் கடையிலேயே கொடுத்தால் ஈயத்தை உருக்கி மறுபடி பயன்படுத்துவார்கள். அதற்கு ஒரு தொகையையும் கழித்துக்கொள்வது வழக்கம், கேட்டு வாங்கு. உத்தரவாதச் சீட்டில் தேதியும் முத்திரையும் இட்டுத் தந்தார்களா என்று கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா