சாசரும் திருச்சபையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இடைக்கால ஆங்கில இலக்கியம் குறித்துத் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரை, பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரைச் சமய எதிர்ப்பாளராகவே காட்டிவிட்டது. 'கேன்டர்பரி கதைகள்' நூலில் பாவமன்னிப்புப் பத்திரம் விற்பவனையும் வேட்டைப் பித்துக் கொண்ட துறவியையும் எள்ளி நகையாடும் அதே கவிஞர்தான், ஏழைப் பங்குக்குரு ஒருவரை மாசற்றவராகப் படைத்து, மனந்திரும்புதல் பற்றிய அவருடைய நீண்ட உரையைக் கடைசிக் கதையாக வைக்கிறார். (அதைப் பொறுமையாக வாசிப்பவர் சிலரே என்பது வேறு செய்தி.) அவர் சாடியது சமயத்தை அன்று, அதைப் பிழைப்பாக்கியவர்களை.

சமூகப் பின்னணியைக் கட்டுரை தொடவே இல்லை. 1348-இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோய் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைப் பலிகொண்டதால் உழைப்பாளர் அருகிக் கூலி உயர்ந்தது. அதைப் பழைய அளவிலேயே நிறுத்த 1351-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இந்தக் கசப்பும் ஆளுக்கு இவ்வளவு என விதிக்கப்பட்ட புதிய தலைவரியும் சேர்ந்தே 1381-இல் குடியானவர் கிளர்ச்சியாக வெடித்தன. அக்கிளர்ச்சியில் முன்னின்ற பாதிரியாரான ஜான் பால், சாசர் காலத்துக் கவிஞரான லாங்லாண்டின் காவிய நாயகனான உழவன் பியர்ஸின் பெயரைத் தம் கடிதங்களில் எடுத்தாண்டார். ஆனால் லாங்லாண்ட் வேண்டியது கிளர்ச்சியை அன்று, மனச்சான்றின் சீர்திருத்தத்தையே என்பதுதான் என் வாசிப்பு.

ஆங்கிலத்தில் நூல் எழுதியதாக அறியப்படும் முதல் பெண்மணியான நார்விச் ஜூலியன், இறைவனைத் தாயாகக் கண்டவர். அவருக்குக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லாதது பெருங்குறை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்