மறந்தது யார் என்றும் எழுதியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்து வீரர் துளசிதாஸ் பலராம் 2023 பிப்ரவரி 16ஆம் தேதி கொல்கத்தாவில் காலமான செய்தியைத் தங்கள் நாளிதழ் மறுநாள் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் ஏழு வரிகளில் வெளியிட்டிருந்தது. ஏழு வரிதானா என்று கேட்க நான் வரவில்லை. பக்கத்தில் இடம் எவ்வளவு, அதில் விளம்பரத்துக்குப் போனது எவ்வளவு என்பதெல்லாம் தங்கள் அலுவலகக் கணக்கு. அதில் வாசகன் தலையிடுவது முறையன்று. ஆனால் அந்த ஏழு வரிகளும் ‘காலத்தால் மறக்கப்பட்ட வங்காளக் கால்பந்து வீரர்’ என்று தொடங்கியதைப் படித்த பிறகு, அன்று காலை எனக்கு வேறு எந்தச் செய்தியும் ஓடவில்லை.

காலத்தால் மறக்கப்பட்டவராம். இந்தக் காலம் என்பவர் எந்த நாளிதழின் விளையாட்டுப் பகுதியில் பணியாற்றினார், எந்த விருதுக் குழுவில் உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்தால் அவருக்கே ஒரு கடிதம் எழுதிவிட்டு, தங்களைத் தொந்தரவு செய்யாமல் இருந்திருப்பேன். அறுபது ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டு, அவர் கண்ணை மூடிய மறுநாள் ‘மறக்கப்பட்டவர்’ என்று அவர் மேலேயே ஒரு சீட்டு ஒட்டுவது, வீட்டுக்கு அழைக்காத விருந்தாளியைப் பார்த்து ‘நீங்கள் வரவே இல்லையே’ என்று கேட்பதைப் போன்றது.

அடுத்த சொல் ‘வங்காள’. பலராம் பிறந்தது செகந்திராபாதை அடுத்த அம்முகுடாவில், பெற்றோர் தமிழர். 1957இல் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு ஆடப் போனவர் பிறகு அங்கேயே தங்கிவிட்டார்; திருமணம் செய்துகொள்ளாமல், ஹூக்ளி நதிக்கரையில் உத்தர்பாராவில் வாழ்ந்து முடித்தார். அவரை வங்காளிகள் தங்கள் பிள்ளை என்று கொண்டாடுவதில் முழு நியாயம் இருக்கிறது. அவர்கள் கொண்டாடவாவது செய்தார்கள். தமிழில் வரும் ஒரு நாளிதழ், கேட்பதற்கு முன்பே அவரைத் தாரைவார்த்துக் கொடுத்ததுதான் எனக்குப் புரியவில்லை. தமிழர் என்பதற்காக முதல் பக்கத்தில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிறந்த ஊரைச் சரியாகப் போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று தாங்கள் கேட்கலாம். 1961இல் எனக்குப் பதினான்கு வயது. அப்பா தென்கிழக்கு ரயில்வேயில் எழுத்தராக இருந்ததால் நாங்கள் கார்டன் ரீச் பகுதியில் குடியிருந்தோம். அந்த ஆண்டு ஈஸ்ட் பெங்காலுக்குத் தலைவர் பலராம். கல்கத்தா லீக்கை வென்றதும் அந்த ஆண்டுதான். ஆட்ட நாளில் சீட்டு கிடைக்காதவர்கள் மைதானத்துக்கு வெளியே கூட்டமாக நிற்பார்கள். அவர்களிடம் அட்டைப் பெரிஸ்கோப் விற்பார்கள்: நீளமான அட்டைக் குழாயில் மேலே ஒரு கண்ணாடித் துண்டும் கீழே ஒன்றுமாகச் சாய்த்துப் பொருத்தியிருப்பார்கள், முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் உள்ளங்கை அளவுக்கு ஆட்டம் தெரியும். அப்பா ஒன்று வாங்கினார். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பேச்சு.

மழை தூறிக்கொண்டிருந்தது. என் முறை வந்தபோது, இடது கோட்டோரம் சேற்றில் பந்தை உள்ளங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல் ஒருவர் நின்றிருந்தார். எதிரணித் தடுப்பாட்டக்காரர் பாய்ந்து வந்தார், இவர் அசையவில்லை. வந்தவர் சறுக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் விழுந்த பிறகுதான் பந்து நகர்ந்ததை நான் கவனித்தேன். எப்போது நகர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் கூட்டம் கத்தத் தொடங்கியது, ஐந்து நிமிட ஒப்பந்தத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அப்பா பெரிஸ்கோப்பைப் பிடுங்கிக்கொண்டார். ஆகவே கோல் விழுந்ததை நான் பார்க்கவில்லை, அவர் பார்த்தார். அவர் இருந்தவரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார். இந்த வீட்டில் யாரும் யாரையும் மறக்கவில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தங்கள் செய்தியில் ‘1960 ஜகார்த்தா ஆசியப் போட்டி’ என்று இருந்தது. தாங்கள் அறியாததல்ல: 1960இல் நடந்தது ரோம் ஒலிம்பிக், ஜகார்த்தா 1962. ரோமில் ஹங்கேரியிடம் இந்தியா தோற்றது 1-2 என்ற கணக்கில்தான், அந்த ஒரு கோலை அடித்தவர் பலராம். அந்த ஹங்கேரி அணி வெண்கலப் பதக்கத்தோடு ஊர் திரும்பிய அணி. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில், அரங்கமே எதிராக நின்று கூச்சலிட, தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம். தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங் முன்வரிசையில் ஆடிக் கோல் அடித்தார், மற்றொன்று பி.கே. பானர்ஜி அடித்தது. சுனி கோஸ்வாமி தலைவர், கோல் வாயிலில் பீட்டர் தங்கராஜ், இடது பக்கம் பலராம். ஆசியப் போட்டிக் கால்பந்தில் நமக்குக் கிடைத்த கடைசித் தங்கம் அது. இதில் ஆண்டைத் தவறாகப் போடுவது சின்னப் பிழை என்று தங்கள் உதவி ஆசிரியர் நினைக்கக்கூடும். கிரிக்கெட்டில் 1983ஐ 1981 என்று அச்சிட்டிருந்தால் அன்று மாலைக்குள் தங்கள் தொலைபேசி என்ன பாடு பட்டிருக்கும் என்று மட்டும் அவரை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புகைப்படத்துக்கு வருகிறேன். செய்தியோடு வெளியான படத்தில் இருப்பவர் பலராம் அல்லர், சுனி கோஸ்வாமி. இந்த ஒன்றைச் சிரித்துவிட்டுக் கடந்து போக முயன்றேன், முடியவில்லை. பி.கே., சுனி, பலராம் என்று மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் எங்கள் தலைமுறைக்குப் பழக்கம். 1983இல் சுனிக்குப் பத்மஸ்ரீ வந்தது, 1990இல் பி.கே.வுக்கு வந்தது, மூன்றாமவருக்கு, 1962ஆம் ஆண்டின் அர்ஜுனா விருதோடு சரி. 2020 ஜனவரியில் சுனியின் படத்தோடு அஞ்சல்தலை வெளியிட்டார்கள், அவர் அதற்கு முழுத் தகுதி உடையவர். அதே ஆண்டு மார்ச்சில் பி.கே.வும் ஏப்ரலில் சுனியும் மறைந்தபோது தாங்கள் முக்கால் பக்கம் ஒதுக்கியதை நான் வெட்டி வைத்திருக்கிறேன், நன்றாகவே எழுதியிருந்தீர்கள். மூவரில் கடைசியாகப் போனவருக்கு ஏழு வரி, அதிலும் முகம் அடுத்தவருடையது.

தங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இது முதல் முறையும் அல்ல. 2008 நவம்பரில் பொக்காரோவில் பீட்டர் தங்கராஜ் காலமானபோதும் எழுதினேன். அவர் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணிக்கு ஆடியவர். அந்த அணி 1955இலும் 1958இலும் டூராண்ட் கோப்பையை வென்றது. நம் நீலகிரியிலிருந்து போய் வென்ற கோப்பை என்பதால் தங்கள் வாசகர்களுக்கு ஆர்வம் இருக்கும் என்று அப்பாவித்தனமாக நினைத்துவிட்டேன். இடமின்மையால் வெளியிட இயலவில்லை என்று ஓர் அஞ்சலட்டை வந்தது. அடுத்த வாரம் அதே பக்கத்தில், ஐரோப்பிய வீரர் ஒருவர் தலைமுடி வெட்டிக்கொண்டதைப் பற்றி நான்கு பத்திகள், படத்துடன். அந்த அஞ்சலட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. பதில் போட்டார்களே என்ற மரியாதைக்காக வைத்திருக்கிறேன்.

பலராம் நுரையீரல் கோளாறால் 1963இல் ஆட்டத்தை நிறுத்தியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இருந்துவிட்டார். அம்முகுடாவிலிருந்து பயிற்சிக்கு வந்துபோகக் காசில்லாத பையனுக்குச் சைக்கிள் வாடகையைத் தம் கையிலிருந்து கொடுத்து வரவழைத்தவர் பயிற்சியாளர் ரஹீம். ரஹீம் அந்தப் பையனிடம் கண்டதில் கால்வாசியையாவது பிற்பாடு வந்த நாம் கண்டுகொள்ள, அப்படி என்ன தடை இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வரியில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்: ஆண்டு 1962, பிறந்தது அம்முகுடாவில், வெளியான படம் சுனி கோஸ்வாமியுடையது. இடம் இருந்தால் சரியான படத்தையும் போடுங்கள். தேடி அலைய வேண்டாம். 1962 செப்டம்பரில் அப்பா ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்த அணிப் படத்தை இத்துடன் அனுப்பியுள்ளேன். மீண்டும் தவறு நேராதிருக்கப் பலராமின் தலையைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய வட்டம் போட்டிருக்கிறேன், ரப்பரால் அழித்தால் போய்விடும். வேலை முடிந்ததும் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
சென்னை