சிபிஆர் சான்றிதழும் செய்முறைத் திறனும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பணியிடங்களில் சிபிஆர் எனப்படும் இதய இயக்க மீட்புச் சான்றிதழைப் புதுப்பிப்பது, பெரும்பாலும் கோப்பில் ஒரு தாளைச் சேர்ப்பதோடு முடிந்துவிடுவது மிகுந்த கவலையளிக்கிறது. அமெரிக்க இதயச் சங்கத்தின் சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால், பயிற்சி பெற்ற சில மாதங்களிலேயே செய்முறைத் திறன் தளரத் தொடங்கிவிடுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

இதயத் துடிப்பு நின்றுபோன பெரியவர்களுக்கு மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பது பலருக்கும் மனப்பாடம். ஆனால், பயிற்சிப் பொம்மையின் அருகில் மண்டியிட்டதும் முழங்கை மடங்குகிறது. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ விடாமல் உள்ளங்கை அதன்மீதே சாய்ந்துகொள்கிறது. அப்படிச் சாய்ந்தால் இதயத்துக்குள் இரத்தம் மீண்டும் சரியாக நிரம்பாது. அழுத்துபவர் சோர்ந்துவிடுவார் என்பதால் 2 நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அந்த மாற்றத்தையும் தடுமாறாமல் செய்து பழகியிருக்க வேண்டும். இவற்றில் எதையும் கணினித் திரையில் விடைகளைத் தேர்ந்தெடுத்துக் கற்றுவிட முடியாது.

ஆகவே, சில மாதங்களுக்கு ஒருமுறை பத்து நிமிடமாவது, அழுத்தத்தின் ஆழத்தைக் காட்டும் பொம்மையில், பணி நேரத்துக்குள்ளேயே ஊழியர்கள் பழகுவதற்கு நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டும். வேலைக்குக் கட்டாயமான சான்றிதழின் கட்டணத்தை ஊழியர் தலையில் கட்டுவது நியாயமே அல்ல. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி எங்கே இருக்கிறது, அந்த அறை பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்பதையும் அதே நேரத்தில் நேரில் சென்று பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்