ஆய்வுமுனையைப் பிடித்திருந்த கைக்கு

நண்பர்களே,

நம் மின்சுற்றுப் போர்டின் 72 மணி நேரச் சோதனை சற்றுமுன் முடிந்தது. ஒரு ரீசெட்கூட இல்லை; ஒருமுறைகூட அது தானாக நின்று முதலிலிருந்து தொடங்கவில்லை. இன்னும் நான் சரியாகத் தூங்கவில்லை. தூங்கியெழுந்தால் நிதானம் வந்துவிடும். நிதானம் வந்தால் சொல்ல வேண்டியதில் பாதியை வெட்கப்பட்டு விட்டுவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நடந்ததை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பதினொரு நாளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நீங்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் இருந்தவை இரண்டு பழுதுகள். போர்டு சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக ரீசெட் ஆனது ஒன்று. அதைப் பார்க்க, சிப்புக்குள் நடப்பதைக் கணினியில் காட்டும் டீபக்கர் கருவியை மாட்டினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துபோனது மற்றொன்று. இரண்டும் ஒரே பேயின் வேலை என்று முதல் நாளே முடிவுகட்டிவிட்டேன். அந்த முடிவை ஒன்பது நாள் யாரும் அசைக்க முடியவில்லை. கண்ணாடியில் கறை படிந்திருக்க, முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தேன்.

எப்போதும் வருகிற பழுது நல்ல பழுது. அழைத்தால் வரும், நிற்கச் சொன்னால் நிற்கும். வந்து வந்து போகிறதே, அதுதான் ஆளைத் தின்கிறது. ஒரு மாற்றம் செய்வோம், மூன்று மணி நேரம் பிரச்சினை வராது, தீர்ந்தது என்று நெஞ்சு லேசாகும். நாலாவது மணியில் வந்து நிற்கும். அப்படி நான் 'தீர்த்துவைத்தது' ஆறு முறை. ஆறு முறையும் உங்களிடம் வந்து பெருமையடித்தேன். ஏழாவது முறை யாரும் கைதட்டவில்லை, அதற்கும் நன்றி.

இந்த மடலில் பெரும்பகுதி ஒருவருக்கு. சால்டரிங் மேசையில் இருக்கும் அக்காவுக்கு. பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போடாமலே எல்லாருக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள் மாலை. எல்லாரும் கிளம்பியாயிற்று. எனக்குத் தேவைப்பட்டது மூன்றாவது கை. மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் ஆய்வுமுனையை, டீபக்கர் தாளம்போலத் துடிப்பு அனுப்பும் கடிகாரக் கம்பி வந்து சேரும் புள்ளியில் வைத்துப் பிடிக்க ஒரு கை, விசைப்பலகைக்கு ஒரு கை, திரையை நிறுத்திப் பிடிக்கும் பொத்தானுக்கு ஒரு கை. அந்தப் புள்ளி கடுகு அளவுகூட இல்லை. நான் வைப்பேன், நழுவும். பக்கத்துப் பின்னில் இடிக்கும். போர்டு ரீசெட் ஆகும். அது என் கையால் ஆனதா, பேயால் ஆனதா என்று தெரியாது. அக்கா தன் சால்டரிங் முனையைத் துடைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். என்னைக் கடந்து இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"அதைக் கொடு தம்பி."

பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி, சுண்டுவிரலைப் போர்டின் ஓரத்தில் பதித்து, முனையை வைத்தார். ஒரு மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உள்ள ரெசிஸ்டர்களை நாளெல்லாம் ஈயம் வைத்து உட்கார்த்துகிற கை அது. அசையவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் பையை இறக்கினார். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தார். "இது எதற்கு?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இணைப்போ அறுந்தால்தானே! அன்றைக்கென்று அது ஒழுங்குப்பிள்ளையாக இருந்தது. "ஆள் பார்த்தால் வராது, இதற்கு வெட்கம் அதிகம்" என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். இப்படிப் பார்த்தால் மறைந்துபோகும் பழுதுகளுக்கு எங்கள் தொழிலில் 'ஹைசன்பக்' என்று ஒரு பெயர் உண்டு. 1927இல் நிச்சயமின்மைக் கோட்பாட்டைச் சொன்ன ஹைசன்பர்க்கின் பெயரை வைத்து. எனக்கு அந்தப் பெயரே பிடிப்பதில்லை. மட்டமான வயரிங்குக்குக் குவாண்டம் இயற்பியலின் மரியாதையைக் கொடுத்துவிடுகிறது.

அப்போது அக்கா சொன்னார்: "தம்பி, நான் வைத்திருக்கும்வரை ஓடுகிறது. கை மாற்ற எடுத்தேன், நின்றது. மூன்று தடவை பார்த்துவிட்டேன்."

தற்செயல் என்றேன். "அப்படியானால் எண்ணிப் பார்" என்றார்.

ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டோம். முனையை வைத்து இருபது முறை, எடுத்து இருபது முறை இணைத்துப் பார்த்தோம். வைத்தபோது இணைப்பு ஒன்றுகூட அறுந்து விழவில்லை. எடுத்தபோது பதின்மூன்று விழுந்தது. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒன்பது நாளாக நான் சந்தேகப்பட்டவை என் நிரல், கம்பைலர், சிப், மின்வழங்கி, கடைசியாக என் மூளை. எதன் வழியாகப் பார்த்தேனோ அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

ஆய்வுமுனை என்பது வெறும் கண் இல்லை. சமிக்ஞையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் காட்டும் நிலையில்கூட அது ஏறத்தாழ 10 பிக்கோஃபாரட் கொள்திறனை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு சிறு சுமையை, கம்பியின் மேல் சுமத்துகிறது. அதன் கிரவுண்ட் கிளிப் போர்டுக்கு இன்னொரு கிரவுண்ட் வழியும், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போக இன்னொரு பாதையும், கொடுக்கிறது. என் கடிகாரக் கம்பிக்கு அந்த இரண்டும் தேவைப்பட்டிருக்கிறது. நோட்டம் பார்க்க வந்ததே வைத்தியமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த வயரையெல்லாம் யார் போட்டது?" என்று அடுத்துக் கேட்டார். நான்தான் போட்டேன். 30 சென்டிமீட்டர் ஜம்பர் வயர்கள், சீவாத தலைமுடிபோல ஆளுக்கொரு பக்கம் விரிந்தபடி. அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிரவுண்ட், அதுவும் போர்டின் மறுகோடியில். பழைய 20 பின் டீபக் இணைப்பில் 9 பின்கள் கிரவுண்டுக்கே போகின்றன. 'இவ்வளவு வீணடிப்பா' என்று ஒருகாலத்தில் நான் கிண்டலடித்ததுண்டு. வீணடித்தவர்கள் காரணத்தோடுதான் செய்திருக்கிறார்கள்.

இந்த வகை டீபக் இணைப்பில் வேலை செய்பவை இரண்டே கம்பிகள்: ஒன்று கடிகாரம், ஒன்று தரவு. டீபக்கர் எட்டு பிட்டில் கேள்வி கேட்கும். சிப் மூன்று பிட்டில் 'சரி', 'பொறு', 'தவறு' என்று ஏதாவது ஒன்றைச் சொல்லும். எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்ததோ மூன்று பிட்டிலும் '1'. அது பதிலே இல்லை. யாரும் பேசாதபோது தரவுக் கம்பி மேலே நிற்பதன் அடையாளம். கடிகாரத் துடிப்பு நீண்ட வயரில் மேலேறும்போது அதிர்ந்து, ஒரு துடிப்பைச் சிப் இரண்டாக எண்ணிவிடுகிறது. அதற்குப் பிறகு டீபக்கர் ஒரு பிட்டில் நிற்கிறது, சிப் அடுத்த பிட்டில் நிற்கிறது. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நான் வேகத்தை 4 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்துப் பார்த்து, 'வேகம் காரணமில்லை, ஆகவே வயர் காரணமில்லை' என்று அறிக்கையில் எழுதியவன். மன்னியுங்கள், அந்த வரியை அடித்துவிட்டேன். கதவை எத்தனை முறை தட்டுகிறோம் என்பதைத்தான் நான் குறைத்தேன். ஓங்கித் தட்டுவது அப்படியேதான் இருந்தது. துடிப்பு ஏறும் செங்குத்து, எந்த வேகத்திலும் அதே செங்குத்துதான்.

அக்கா அணைத்த விளக்கை மறுபடி போட்டார். வயர்களைப் பத்து சென்டிமீட்டருக்கு வெட்டினார். கடிகாரத்தோடு ஒரு கிரவுண்ட், தரவோடு ஒரு கிரவுண்ட் என்று ஜோடி சேர்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஜடை பின்னுவதுபோல முறுக்கினார். கடிகாரக் கம்பியில், டீபக்கர் பக்கத்து முனையில், துடிப்பின் அதிர்வை அடக்க 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, சுருங்கு உறை மாட்டிச் சூடு காட்டினார். ஓம் கணக்கு மட்டும் நான் சொன்னது. மற்றதெல்லாம் அவர் கை. இருபது நிமிடம். மாட்டினோம். இருநூறு முறை இணைத்து அறுத்துப் பார்த்தேன். ஒருமுறைகூட விழவில்லை. இருநூறு முடியும்வரை அவர் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை நாற்பது நிமிடத்தில் உண்மையான திருடன் கையும் களவுமாக அகப்பட்டான். விவரம் அறிக்கையில் இருக்கிறது, இங்கே சுருக்கமாக. உணரியின் பதிலை வாங்க, செயலியின் தலையீடில்லாமல் நினைவகத்தில் எழுதும் டிஎம்ஏவுக்கு நான் கொடுத்திருந்த இடம், ஒரு ஃபங்ஷனின் (நிரலின் ஒரு பகுதியின்) ஸ்டாக்கில் இருந்தது; அந்தப் பகுதியின் வேலை முடிந்ததும் வேறொன்றுக்குப் போய்விடும் தற்காலிக நினைவிடம் அது. உணரி தாமதித்தால் அந்த ஃபங்ஷன் காத்திருந்து அலுத்துத் திரும்பிவிடும். டிஎம்ஏவுக்கு 'நாங்கள் காலி செய்துவிட்டோம்' என்று யாரும் சொல்லவில்லை. பதில் பிந்தி வந்ததும், இப்போது அங்கே குடியிருப்பவன் தலையில் கொட்டிவிடும். சிப் மேலே ஓட முடியாமல் 'ஹார்ட்ஃபால்ட்' என்ற பிழை வந்து நின்ற இடத்தில், திரும்ப வேண்டிய முகவரிக்குப் பதிலாக உணரியின் செய்தியின் முதல் நான்கு பைட் அச்சு மாறாமல் உட்கார்ந்திருந்தது. நினைவகத்தின் ஓர் இடத்தைக் கண்காணிக்கும் வாட்ச்பாயிண்ட் வைத்து ஏன் பிடிபடவில்லை என்று கேட்டீர்களே, இதுதான் காரணம்: இந்தச் சிப்பில் வாட்ச்பாயிண்ட் செயலியின் கையைத்தான் காவல் காக்கும். டிஎம்ஏ வேறு வாசல் வழியாக வந்து போகிறது.

அந்த இடத்தை ஸ்டாக்கிலிருந்து வெளியே எடுத்து, நேரம் கடந்தால் டிஎம்ஏவை நிறுத்தும்படி செய்தேன். மாறியவை நான்கு வரிகள்.

மற்றவர்களுக்கு மொத்தமாகச் சொல்கிறேன், குறையாக நினைக்க வேண்டாம். டீபக்கர் சிப்பை நிறுத்தும்போது, நிரல் சிக்கிக்கொண்டால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கும் நிற்க வேண்டும் என்பதை இரண்டாம் நாளே கவனித்துச் சொன்னவருக்கு. சிப் உறங்கப் போனால் டீபக் கடிகாரமும் போய்விடும், அதை முதலில் தடுத்து வை என்றவருக்கு. கேட்காமலே இரண்டாவது போர்டைக் கொண்டுவந்து வைத்தவருக்கு. நடுநிசியில் ரீசெட் காரணங்களைக் குறித்துவைத்தவருக்கு. மேலிடத்திலிருந்து வந்த அழைப்புகளை என்னிடம் வரவிடாமல் தானே வாங்கிக்கொண்டவருக்கு. இவர்கள் எல்லாருக்கும் நன்றி. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் தானாக ரீசெட் ஆனதையும், அதன் இரட்டையைப் பூமியில் ஓடவிட்டுப் பொறியாளர்கள் பழுதைக் கண்டுபிடித்ததையும் சொல்லி எனக்குத் தைரியம் ஊட்டியவருக்கும் நன்றி. ஆனால் ஒன்று சொல்கிறேன்: அவர்கள் விண்கலம் வேறு கிரகத்தில் இருந்தது. என் போர்டு என் மூக்குக்குக் கீழே இருந்தது. கதை கேட்டு எனக்குத் தைரியத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது.

ஒன்று உறைக்கிறது. இந்தப் பதினொரு நாளில் எனக்கு யோசனை சொன்னவர்கள் பலர். எல்லாமே நல்ல யோசனைகள், பாதி சரியும்கூட. யோசனை எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒருவர். எனக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்கு இந்தச் சிப்பைப் பற்றித் தெரியாது. அதனால்தானோ என்னவோ, என் முடிவு அவருக்குத் தொற்றவில்லை. என் கண் திரையில் இருந்தது. அவர் கண் தன் கையில் இருந்தது.

இனிமேல் நான் போடும் எந்தப் போர்டிலும் டீபக்குக்கு முறையான இணைப்பு இருக்கும், பக்கத்திலேயே கிரவுண்டோடு. இடமில்லை என்று யார் சொன்னாலும் சண்டைபோடுவேன். விட்டுவிட்டு வரும் பழுது என்றால், நிரலைத் திறப்பதற்கு முன் தாளில் இருபது கோடு போடுவேன். இதை எல்லார் முன்னிலையிலும் சொல்லிவைக்கிறேன். மறந்தால் பிடித்துக் கேளுங்கள்.

அக்கா, நேரில் நன்றி சொல்ல வந்தபோது "போய்த் தூங்கு" என்று துரத்திவிட்டீர்கள். அதனால்தான் இத்தனை பேர் பார்க்க எழுத வேண்டியதாயிற்று. அந்தக் கேபிள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. திருப்பித் தரும் எண்ணம் இல்லை. உங்களுக்கு வேண்டுமானால் இன்னொன்று செய்யலாம். இந்த முறை முறுக்குவது நான், பிடித்துக்கொண்டிருப்பதும் நான்.